கந்தையும் கதரும்

‘கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. தூய்மையை வற்புறுத்தும் அறிவுரை என்றே இதற்குப் பொருள் கூறுவார்கள். சற்று நின்று எண்ணினால் மற்றொரு கருத்தும் இதில் அடங்கியிருப்பது புலனாகும். கந்தையான பின்னரும் அதை எறிந்துவிடு என்று பழமொழி சொல்லவில்லை. கசக்கிக் கட்டு என்றே சொல்லுகிறது. துணி நைந்து போகலாம். துணிக்கும் அதை உடுத்தியவனுக்கும் உள்ள உறவு நைந்து போகவேண்டியதில்லை. அந்த உறவின் வரலாற்றையே இன்று உங்களுடன் பேச எடுத்துக்கொண்டேன். மாணவ நேயர்களுக்கு இது வெறும் பழங்கதையாக இராது என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு மலைக்குச் செல்வோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு வந்துவிடும். அதைச் சூழ்ந்துள்ள சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டை முதலிய சிற்றூர்கள் காப்பித் தோட்டங்களுக்கும் மரக்கூட்டங்களுக்கும் இடையே அமைந்திருக்கின்றன. கீழே சமவெளியில் வெயில் காயும்போது மேலே மூடுபனி படர்ந்திருக்கும். இம்மலையின் பழங்குடிகள் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர் என்பது இதன் பொருள். கேரள நாட்டாரோடு இதற்குத் தொடர்பு இல்லை. இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், உடன்பிறந்தார் மூவருள் ஒருவர் சேர்வராயன் மலையிலும் மற்றவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர் என்றும் இவர்கள் வழிவழியாகக் கதை சொல்லுவார்கள். தறிகளுக்குப் பேர்போன நகரத்தை விட்டுத் தறி ஒலியே கேளாத மலைக்கு வந்தவர்கள் என்று தம்மைக் கருதும் மக்கள் எதை உடுத்தினார்கள்?

1909-ஆம் ஆண்டில் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன் இதற்கு விடை தருகிறார். இம்மலை ஆடவர் தலைப்பாகையும் பழுப்பு நிறக் கம்பளியும் அணிந்தனர் என்றும், அந்த ஒரே கம்பளி குளிருக்குச் சட்டையாகவும் மழைக்குக் குடையாகவும் வேண்டியபோது போர்வையாகவும் பயன்பட்டது என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஒரு துணிக்கு எத்தனை தொழில் பாருங்கள்! இத்தனை வேலைகளுக்கும் உதவும் பொருளை ஒருவன் எளிதில் எறிவானா? அது அவனுக்கு உடைமை மட்டும் அன்று. காட்டிலும் பனியிலும் உடன் வரும் தோழன்.

கம்பளியின் அருமை அறிந்தவர்களுக்கே வேறொரு மலைநாட்டுச் செய்தியின் அருமையும் விளங்கும். பழனி மலைப் பகுதியை ஆண்ட பேகன் என்னும் வள்ளல், குளிரில் நடுங்குவதாக எண்ணி ஒரு மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தான் என்பதை நாம் பள்ளியிலேயே படிக்கிறோம். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நகைப்பவரும் உண்டு. குளிர்மிகுந்த மலையில் போர்வையைக் கழற்றித் தருவது தன் உடம்பின் வெப்பத்தையே பகிர்ந்து கொடுப்பது போன்றது. அதனால்தான் அக்கொடை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசப்படுகிறது.

தமிழில் ஆடைக்கு வழங்கும் பெயர்களைப் பாருங்கள். துணி, துண்டு, அறுவை என்பன யாவும் அறுத்தல், துணித்தல் என்னும் பொருளிலிருந்து பிறந்தவை. தறியில் நீளமாக நெய்ததை வேண்டிய அளவுக்கு அறுத்து எடுத்ததால் இப்பெயர்கள் வந்தன. மதுரையில் அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொரு புலவர் சங்க காலத்தில் வாழ்ந்தார். துணி விற்றவர் கவியும் பாடினார் என்பதை அவர் பெயரே அறிவிக்கிறது. ஆடையின் பெயரிலேயே தறியின் நினைவு ஒட்டியிருந்த காலம் அது. உடுத்துபவன் நெய்தவனை மறக்கவில்லை.

நம் வீட்டு வழக்கங்களிலும் இந்த நினைவு தங்கியிருக்கிறது. புத்தாடையை உடுத்துமுன் அதன் மூலையில் மஞ்சள் தடவுகிறோம். பிறந்த குழந்தைக்கோ புதுத்துணியைத் தேடுவதில்லை. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழந்துணியைத் தேடி எடுக்கிறோம். பாட்டியின் நூற்சேலை குழந்தைக்குத் தூளியாகிறது. தூளிக்கும் உதவாமல் கிழிந்தால் நாலைந்து சேலைகளை அடுக்கித் தைத்துப் படுக்கை விரிப்பாக்குகிறார்கள். அதுவும் நைந்தால் கைப்பிடித் துணி; பின்னர் விளக்குத் திரி. ஒரு சேலை இவ்வாறு மூன்று தலைமுறைகளைக் கண்டுவிடுகிறது. அந்தத் தூளியில் உறங்கிய குழந்தை பெரியவனாகிப் பெட்டியைத் திறந்து அதே சேலையின் ஒரு துண்டைக் கண்டால், அவன் முன் நிற்பது துணியா, பாட்டியா?

ஆடையின்மேல் உள்ள பற்று அன்பினால் மட்டும் வளர்வதன்று, மானத்தினாலும் வளர்வது. திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தின் தென்பகுதியில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று அதனைக் குறிப்பிடுவர். 1859-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளியான அரசாணை அவர்களுக்கு மேலாடை அணிய அனுமதி அளித்தது. அப்பொழுதும் உயர்குலப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற தடை நீடித்தது. ஒரு முழத் துணிக்காக உதை வாங்கியவர்கள் இருந்த நாடு இது. ஆடையைத் துறப்பதன் பெருமையைப் பேசும்போது, ஆடை மறுக்கப்பட்டவர்களின் துயரத்தையும் நாம் மறக்கலாகாது.

இத்தகைய நாட்டில்தான் ஆலைத்துணி வந்து குவிந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் நெய்த பருத்தித் துணி 1814-இல் பத்து லட்சம் கெஜத்துக்கும் குறைவாகவே இந்தியாவுக்கு வந்தது. 1835-இல் அது ஐந்து கோடி கெஜத்தைத் தாண்டிவிட்டது. விலை மலிவு, நெசவு மெல்லியது, நிறமோ கண்ணைக் கவர்வது. மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். ராட்டைகள் பரணில் ஏறின. தறிகள் பல ஓய்ந்தன. இங்கே ஒரு மாறுதலைக் கவனிக்க வேண்டும். துணியின்மேல் ஆசை குறையவில்லை, பெருகத்தான் செய்தது. அறுந்து போனது துணிக்கும் அதைச் செய்த கைக்கும் இடையே இருந்த இழை.

அறுந்த அந்த இழையை முடிச்சிடும் முயற்சியாகவே கதர் இயக்கம் எழுந்தது. அதில் நூலுக்கு மட்டுமன்றி நெருப்புக்கும் இடம் இருந்தது. 1921-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் பம்பாயில் பரேல் என்னும் பகுதியில் அந்நியத் துணிகளைக் குவித்துக் காந்தியடிகள் தீ மூட்டினார். பெட்டிகளில் அருமையாகப் பாதுகாத்த பட்டுகளும் மெல்லிய துகில்களும் சாம்பலாயின. அன்பின்றி வைத்திருந்ததை எறிவது எளிது. அன்புடன் வைத்திருந்ததை எறிந்தார்களே, அதிலேதான் அச்செயலின் வலிமை இருந்தது.

ஆயினும் எல்லோரும் அதை ஏற்கவில்லை. கவி ரவீந்திரநாத தாகூர் வன்மையாக மறுத்தார். நாட்டில் உடுக்கத் துணியின்றி நடுங்குவோர் இருக்கையில் துணியை எரிப்பது எப்படி முறையாகும்? எரிக்கப்படும் துணி என்னுடையதன்று, அது இல்லாதவனுக்கு உரியது என்பது அவர் வாதம். அந்நியத் துணியோடு என் நாணத்தையே எரிக்கிறேன் என்றும், வறியவனுக்கு நான் கழித்த துணியைத் தந்து இழிவுபடுத்தாமல் வேலையைத் தரவேண்டும் என்றும் காந்தியடிகள் மறுமொழி எழுதினார். இரு பெரியோர்களுக்கும் துணி ஒரு சிறு பொருளாகத் தோன்றவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். ஒருவர் அதில் குளிரில் நடுங்குபவனைக் கண்டார். மற்றவர் வேலை இழந்து நிற்பவனைக் கண்டார்.

இந்த விவாதத்தை மேலே கொண்டுசென்ற நிகழ்ச்சி நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தார். உடன் பயணம் செய்தவர்கள் அந்நியத் துணி அணிந்திருப்பதைக் கண்டு, கதர் அணியுமாறு அவர்களை வேண்டினார். கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லையே என்று அவர்கள் விடையளித்தார்கள். அந்த விடை அவர் நெஞ்சைத் தைத்தது. தாமோ முழு ஆடையும் தொப்பியும் அணிந்திருக்கிறார். ஏழையோ நான்கு விரல் அகலக் கோவணத்துடன் வயலில் நிற்கிறான். அவனிடம் உன் துணியை எறிந்துவிட்டு விலை கூடிய துணியை வாங்கு என்று எவ்வாறு சொல்வது? மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் செப்டம்பர் 22-ஆம் நாள் காலை அவர் முழ வேட்டியுடன் வெளியே வந்தார். அக்டோபர் முடியும்வரை அவ்வாறு இருப்பது என்பதே அப்போது செய்த முடிவு. ஆனால் வாழ்நாள் முடியும்வரை அந்த உடையே நிலைத்துவிட்டது.

தீயிடுவது ஒரு நாளில் முடிகின்ற காரியம். எரித்த துணிக்கு மாற்றாக மற்றொரு துணியை உண்டாக்குவதோ ஆண்டுக்கணக்கான உழைப்பு. அந்த உழைப்பில் பழைய சேலம் மாவட்டத்துக்கும் அதன் அண்டையிலுள்ள ஈரோட்டுக்கும் சிறந்த பங்கு உண்டு. ஈரோட்டில் செல்வ வணிகக் குடும்பத்தில் பிறந்த ஈ. வெ. ராமசாமி, காங்கிரசில் சேர்ந்த பின்னர் தம் விலையுயர்ந்த ஆடைகளை விட்டுக் கதர் உடுத்தினார். துணைவியார் நாகம்மையாரையும் முதுமை எய்திய தாயாரையும் கதர் உடுத்தச் செய்தார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். பிற்காலத்தில் அவர் காங்கிரசையும் கதரையும் விட்டு விலகியது வேறு கதை. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் தோளில் ஏறிய மூட்டையின் கனத்தை வரலாறு மறுக்க முடியாது.

1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியது. அதைத் திறந்து வைத்தவர் அதே ஈ. வெ. ராமசாமி; அமைத்தவர் ராஜாஜி. இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர், வருமானம் மிகுந்த வக்கீல் தொழிலை விட்டவர், தம் மக்களோடு வறண்ட அச்சிற்றூரில் குடிலில் வாழ வந்தார். மழை பொய்த்த காலம் அது. வயலில் வேலை இல்லை. ஆசிரமம் பஞ்சைக் கொடுத்தது. பெண்கள் வீட்டில் நூற்று நூலைக் கொண்டுவந்து கூலி பெற்றுச் சென்றார்கள். நெசவாளர்கள் அந்நூலைத் துணியாக்கினார்கள். பரணில் இருந்த ராட்டை மீண்டும் திண்ணைக்கு இறங்கியது. அந்தக் கூலி சிறியதுதான். ஆனால் பஞ்ச காலத்தில் சிறு கூலியும் அடுப்பை எரியச் செய்யும்.

கையால் நூற்ற துணியை ஏன் மக்கள் அருமையாகப் போற்றினார்கள்? மாணவர்கள் இதை ஒரு கணக்கினாலேயே அறியலாம். ஓர் அங்குலத்தில் பாவிலும் ஊடையிலும் 36 இழைகள் உள்ள துணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர கெஜத்தில் பாவு 1,296 கெஜம். ஊடையும் அதே 1,296 கெஜம். ஆக 2,592 கெஜ நூல். நான்கு கெஜ நீளமும் ஒன்றேகால் கெஜ அகலமும் உள்ள ஒரு வேட்டி ஐந்து சதுர கெஜம் ஆகும். அதற்கு வேண்டிய நூல் 12,960 கெஜம். அதாவது ஏழு மைலுக்கும் மேல். மணிக்கு 300 கெஜம் நூற்றால் 43 மணி நேரம் ராட்டையின்முன் உட்கார வேண்டும். பஞ்சு கொட்டியதும், பாவு ஓட்டியதும், கஞ்சியிட்டதும், நெய்ததும் இக்கணக்கில் சேரவில்லை. இத்தனை நேரம் தன் விரல்களின் வழியே ஓடிய நூலால் ஆன வேட்டியை எவன் ஒரு சிறு கிழிசலுக்காக எறிந்துவிடுவான்? அவன் ஊசியைத்தான் தேடுவான்.

1925 செப்டம்பரில் தோன்றிய அகில இந்திய நூற்போர் சங்கம், முதல் வகுப்பு உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் 1,000 கெஜம் நூலைத் தம் கையாலேயே நூற்றுத் தரவேண்டும் என்று விதித்தது. பணத்தைச் சந்தாவாகக் கேட்காமல் நேரத்தையும் உழைப்பையும் சந்தாவாகக் கேட்ட சங்கம் அது. வக்கீல்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் நூற்றார்கள். அவர்கள் நூற்ற நூல் முடிச்சும் மொத்தமுமாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரு முழத் துணியில் எவ்வளவு வாழ்நாள் அடங்கியிருக்கிறது என்பதை அவர்கள் விரல்கள் அறிந்துகொண்டன.

இந்த அறிவு அன்பாக மலர்ந்ததற்குச் சான்றுகள் உண்டு. சிறையில் இருந்தபோது ஜவாஹர்லால் நேரு நூற்ற நூலால் நெய்த சேலையை அவர் மகள் இந்திரா 1942-இல் தம் திருமணத்தில் உடுத்தினார். காந்தியடிகள் நூற்ற நூலால் ஆன சேலை ஒன்றைக் கஸ்தூரிபா பேணி வைத்திருந்தார். 1944 பிப்ரவரி 22-ஆம் நாள் பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் அவர் உயிர் நீத்தபோது, அவர் விருப்பப்படியே அச்சேலையை அவருக்கு உடுத்தினார்கள். ஒன்று தந்தையின் நூல், மற்றொன்று கணவரின் நூல். உலகத்துப் பட்டு முழுவதும் சேர்ந்தாலும் அவ்விரண்டுக்கும் விலையாகுமா?

இவ்வுணர்ச்சியைப் பொருளாதாரத் தத்துவமாக ஆக்கியவர் ஒரு தமிழர். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா லண்டனில் கணக்காய்வும் அமெரிக்காவில் பொருளாதாரமும் பயின்றவர். 1929-இல் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளை முதன்முதலாகக் காணச் சென்றபோது ஐரோப்பிய உடையில் இருந்தவர், பின்னர் கதருடைக்கு மாறினார். சிறையிலிருந்து எழுதிய நூலொன்றில், 1945-இல் காந்தியடிகளின் முன்னுரையையும் பெற்ற அந்நூலில், நிலைத்த பொருளாதாரம் என்ற கொள்கையை அவர் விளக்கினார். இயற்கையின் சேமிப்புகள் இருவகைப்படும். நிலக்கரி, எண்ணெய் போன்றவை எடுக்க எடுக்கக் குறைந்துபோகும் தேக்கம். காடும் பயிரும் போன்றவை பேணினால் மீண்டும் மீண்டும் பெருகும் ஓட்டம். தேக்கத்தை நம்பி வாழும் சமுதாயம் நிலைக்காது; ஓட்டத்தோடு இசைந்து வாழ்வதே நிலைக்கும் என்பது அவர் கண்ட முடிவு. இக்காலத்தில் அறிஞர்கள் வளங்குன்றா வாழ்வு என்று பேசுவதை அவர் பல ஆண்டுகளுக்கு முன்னரே பேசிவிட்டார்.

அவர் எச்சரிக்கை எவ்வளவு உண்மை என்பதைக் காணத் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. 1920-களில் தமிழ்நாட்டுக் கதர்த் தொழிலுக்கு நடுவிடமாக விளங்கிய திருப்பூர், பின்னர்ப் பின்னலாடை ஏற்றுமதியால் உலகப் புகழ் பெற்றது. பல லட்சம் குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. ஆனால் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கிற்று; உழவர்களின் நிலமும் கிணறும் கெட்டன. கழிவு நீரைத் துளியும் வெளியே விடாத முறையைக் கைக்கொள்ளாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2013 ஏப்ரல் 24-ஆம் நாள் வங்கதேசத்தில் டாக்கா அருகே ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள் இருந்த ரானா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். மலிவான சட்டையின் விலையை எவரோ ஒருவர் எங்கோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கடையில் நாம் கொடுப்பது அதில் ஒரு பகுதியே.

எல்லோரும் ராட்டை சுற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆலையில்லாத உலகத்துக்கு நாம் திரும்பப் போவதில்லை. மலிவான துணி ஏழையின் உடம்பை மூடியது என்பதும் உண்மை. ரயிலில் காந்தியடிகளுக்குக் கிடைத்த விடையை நாம் மறந்துவிடலாகாது. ஆனால் துணியைச் செய்த கையை மறந்துவிட்டால், அதைப் பேணும் கையும் நமக்கு இல்லாமல் போகும். பொத்தான் உதிர்ந்தவுடன் சட்டையை மூலையில் எறியும் இளைஞன் கஞ்சத்தனம் இல்லாதவன் என்று தன்னை எண்ணிக்கொள்ளலாம். உண்மையில் அவன் எறிவது எவரோ ஒருவருடைய வாழ்நாளின் ஒரு பகுதியையும், எங்கோ ஓடும் ஓர் ஆற்றின் நீரையும். ஊசியில் நூலைக் கோக்கக் கற்றுக்கொள்வதும் ஒரு கல்வியே. அதற்குத் தேர்வு இல்லை. ஆனால் அது பயனுள்ளது.

தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். சேர்வராயன் மலைச் சிற்றூர்களிலும் இப்போது கடைச்சட்டைகளும் கம்பளிச் சட்டைகளும் வந்துவிட்டன. அது வேண்டியதே, குளிர் காக்கப் பெறுவது எல்லோருக்கும் உரிமை. ஆயினும் பனி இறங்கும் மாலையில், நூறாண்டுகளுக்கு முன்பு மஞ்சக்குட்டைப் பக்கம் நடந்து சென்றிருக்கக்கூடிய ஒரு மலைமகனை மனக்கண்ணால் பாருங்கள். தோளில் ஒரே ஒரு பழுப்புக் கம்பளி. மழையில் நனைந்து வெயிலில் உலர்ந்து அவன் உடம்பின் வடிவத்தையே பெற்றுவிட்ட கம்பளி. அவனிடம் துணிகள் பல இல்லை. ஆனால் இருந்த ஒன்றை அவன் முழுமையாக உடையவனாக இருந்தான். பெட்டி நிறைய ஆடைகளை அடுக்கி வைத்திருக்கும் நாம், அவற்றுள் எதையேனும் அவ்வாறு உடையவர்களாக இருக்கிறோமா? இந்தக் கேள்வியோடு இன்று வீட்டுக்குச் சென்று பெட்டியைத் திறந்து பாருங்கள்.